சேறு காயும் முன் நடந்த கொலை

மற்றக் கடைக்காரர்கள் சரக்கின் குணத்தை எடுத்துச் சொல்லி விற்பார்கள். துப்பறியும் நாவல் விற்கிறவன் மட்டும் சரக்கில் முக்கியமான சங்கதியை வாயைத் திறக்காமல் மறைத்து விற்க வேண்டும். கண்டியில் கொழும்பு வீதிப் பக்கம், ஒரு நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் என் புத்தகக் கடை இருக்கிறது. பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். கொப்பியும் பேனையும் வினாத்தாள் தொகுப்பும் கடைக்குச் சோறு போடுகின்றன. நாவல்கள் எனக்குச் சந்தோஷம் தருகின்றன. நீங்களும் ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பிழைக்கிறவராக இருந்தால், நான் படும் பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலையும் கொலையும்

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. மலைநாட்டில் நடக்கும் கொலைக்கதை, அதுவும் எழுதியவரின் முதல் நாவல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி அடுக்கிவிடுவேன். முதல் நாவல் எழுதுகிறவர் எதையும் அடுத்த புத்தகத்துக்கு என்று எடுத்து வைப்பதில்லை. தான் பார்த்த பனி, பாறை, ஆற்றுப் பள்ளம், சின்ன வயதில் பயந்த வளைவு எல்லாவற்றையும் ஒரே கதையில் கொட்டிவிடுவார். சில இடங்களில் கொட்டியது அதிகமாகி, பிணம் கிடைப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். இருந்தாலும் அந்த ஆசையோடு எழுதிய பக்கங்களைக் கைதேர்ந்தவர்கள்கூட இரண்டாம் முறை எழுதுவதில்லை என்பது என் கட்சி.

இப்படிச் சேர்ந்த புத்தகங்களுக்காகவே கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினேன். என்னோடு வேலை செய்யும் செல்வி அதன்மேல் 'மலையும் கொலையும்' என்று எழுதி ஒட்டினார். செல்வி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர். கடைக்கு நான்தான் முதலாளி என்பது அவருக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். அந்தத் தட்டிலிருந்து முதலில் வாங்கியவர் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை பார்த்துவிட்டு நாவலப்பிட்டிக்கு ரயிலில் திரும்புகிறவர். மறுநாள் வந்து எதிரே நின்றபோது முகம் கடுகடுவென்றிருந்தது. ஏதோ பக்கம் குறைகிறது போலும் என்று பயந்துபோனேன். அவர் சொன்னது இதுதான்: "நாவலப்பிட்டியில எறங்க வேண்டியவன் அதையும் தாண்டி ஹட்டன்ல போய் எறங்கினேன். எழுதினவரு எங்கயாச்சும் கிடைச்சா சொல்லுங்க, நல்லா இருந்துச்சுன்னு."

ஒட்டுத்தாள்

துப்பறியும் நாவலைக் கையில் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். கொலைகாரன் யார் என்று நின்றபடியே தெரிந்துகொண்டு, "பரவாயில்ல" என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மீன் வாங்க வந்தவர் குழம்பை ருசி பார்த்துவிட்டுக் கிளம்பினால் எப்படி இருக்கும்? ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கடைசி அத்தியாயம் முழுவதையும் வாசித்து முடித்தார். போகும்போது, முடிவு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்று என்னிடம் குறைவேறு சொன்னார்.

செல்விக்கு அன்று வந்தது பாருங்கள் கோபம். மறுநாளே ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தைச் சுற்றி ஒரு தாள் பட்டி ஒட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு போய், முன்பக்கமெல்லாம் வாசித்து, பிறகு வெட்டித் திறந்துகொள்ள வேண்டியது. இது கடையின் வழக்கமாகிவிட்டது. பிடித்தவர்கள் இதற்காகவே வருகிறார்கள். பிடிக்காதவர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். பட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கையிலிருந்து செல்வி புத்தகத்தை மெதுவாக வாங்கி அலுமாரியில் வைத்தார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கொலை செஞ்சவனைக் காட்டிக் குடுக்காம மறைச்சு வைக்கிறது குத்தம்னு இந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லலியா?"

கணக்கு டீச்சர்

மாலினி டீச்சர் கண்டியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். வருடக்கணக்காக என்னிடம் சதுரக்கோட்டுக் கொப்பிகளைத் தவிர வேறு எதுவும் வாங்கியதில்லை. ஒரு சனிக்கிழமை தயங்கித் தயங்கி வந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். 'நீர் இறங்கிய நகரம்'. எழுதியவர் மாலினி. நான் அட்டையையும் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டால்கூடக் குரலை உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர், ஓர் ஆளை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துக் கட்டியிருந்தார்.

கதை நடக்கும் இடம் கண்டிக்குப் பக்கத்துத் தெல்தெனிய. விக்டோரியா நீர்த்தேக்கம் வந்தபோது பழைய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது அல்லவா? கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய சுவர்கள் மெல்ல வெளியே தெரியும். மாலினியின் கதையில் அப்படிச் சுவர்கள் தெரியத் தொடங்கிய முதல் வாரம், ஒரு சுவருக்குப் பின்னால் நில அளவையாளர் ஒருவரின் பிணம் கிடைக்கிறது. ஊரில் சந்தேகப்பட ஆட்கள் நிறைய. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நொண்டி நடக்கும் தேத்தண்ணிக் கடைச் சோமு, நீர்க்கரையில் பறவை பார்த்துக்கொண்டு தனியாக வாழும் ஓவசியர், அதாவது வீதி வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்றவர், இப்படிப் பலர். ஆனால் என்னை மயக்கியது கொலை இல்லை, அந்த இடம். வெயில் ஏற ஏற மலையின் நிழல் படுகையை விட்டு விலகுவதையும், நீருக்குள் இருந்த வாசற்படியில் முதன்முதலாக ஒரு கொக்கு வந்து நிற்பதையும் எழுதியிருந்தார் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொன்னால் டீச்சர் நம்பவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களாண்ணே? ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இது சரிவரலேன்னா நான் பேசாம கணக்கோட நின்னுக்கிறேன்" என்றார். அன்றே பிரதிகளை வாங்கி அலுமாரியில் அடுக்கினேன், செல்வி பட்டி ஒட்டினார்.

ஹாஜியாரின் தீர்ப்பு

தெல்தெனியவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் சாமான் எடுக்கக் கண்டிக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கும் வருவார். எங்கள் ஒட்டுத்தாளுக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. பட்டி வரைக்கும் வாசிப்பார், பிறகு வெட்டாமலே புத்தகத்தைக் கொண்டுவந்து, கடையில் இருக்கிற எல்லோரும் கேட்கும்படி கொலைகாரனின் பெயரை அறிவிப்பார். அதன் பிறகுதான் செல்வி கத்தரிக்கோலைக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு தடவைகூட அவர் தோற்றதில்லை. தோற்காத மனிதரோடு பழகுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மாலினியின் நாவலோடு வந்தவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓவசியர்" என்றார். பட்டியை வெட்டினார். நின்றபடியே வாசித்தார். முகம் சுருங்கியது. கொன்றவர் சோமுவாம். பிணத்தைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து, ஏரிப் படுகை வழியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்குப் பின்னால் போட்டாராம். கால் ஏலாதவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் டீச்சர் வைத்த பொறி. நான் அதை வாசித்து அசந்து போனவன். ஹாஜியார் அசரவில்லை.

"தண்ணி எறங்கி மொத வாரம் அங்க என்ன ஈக்கிண்டு தெரியுமா தம்பி? முழங்கால் வரைக்கும் சேறு. ஆட்டுக்குட்டி எறங்கினாலும் தூக்கி எடுக்கணும். அது காஞ்சு வெடிக்கிறதுக்கு எவ்வளவு நாளாகும். அதுல நொண்டிக்கால் மனுசன் சைக்கிள் தள்ளினாராமா?" புத்தகத்தை மூடி என் முன்னால் வைத்தார். "அங்க போறதுண்டா படகுலதான் போக ஏலும். படகு ஈக்கிற ஆள் ஓவசியர். எனக்குக் கணக்குப் பிழைக்கல்ல தம்பி, எழுதின ஆளுக்குத்தான் பிழைச்சீக்கி."

படகுக்கு அடியில் ஒரு தவளை

இதை மாலினியிடம் எப்படிச் சொல்வது என்று நானும் செல்வியும் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். தோற்காத ஹாஜியார் தோற்ற கடுப்பில் பேசுகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானத்தையும் கெடுக்க கௌரி வந்தார். கௌரி யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியில் ஒரு வங்கியில் வேலை. பென்சிலும் கையுமாக வாசிக்கிறவர்.

அவர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். இன்ஸ்பெக்டர் ஓவசியர் வீட்டு முற்றத்தில் தேத்தண்ணி குடிக்கிறார். பக்கத்தில் ஒரு படகு கவிழ்த்துக் கிடக்கிறது. அதன் விளிம்புக்குக் கீழே ஈரப் புல்லில் ஒரு சின்னத் தவளை தொண்டை துடிக்க உட்கார்ந்திருக்கிறது. நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் நான் வாசித்துக் காட்டிய இடமும் அதுதான். கௌரி பென்சிலை அந்தத் தவளையின்மேல் வைத்தார். "மாதக்கணக்கா மழை இல்லை எண்டு முதல் பக்கத்திலயே கிடக்குது. ஊரெல்லாம் புல்லுக் கருகிப்போச்சு. அப்ப உந்தப் படகுக்குக் கீழ மட்டும் எப்பிடி ஈரம் வந்தது? ஆரோ அண்டைக்குத்தான் படகைத் தண்ணியிலயிருந்து தூக்கியிருக்கினம். இன்ஸ்பெக்டர் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் பேசாமல் போறார். உவருக்கு ஆர் வேலை குடுத்தது?"

பையோடு வந்தவர்

நாங்கள் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலினி கடைக்குள் நுழைந்த நேரம் ஹாஜியாரும் கௌரியும் ஓவசியரை எப்படிக் கைது செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வினாத்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார். யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டிக் காட்டிக் களைத்துப் போனேன். பேச்சு முடிந்ததும் டீச்சர் நேராக அலுமாரியிடம் போய்த் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அப்போதுதான் ஹாஜியாருக்கு விளங்கிற்று. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதை இனி விக்க வேணாண்ணே. கணக்குல வழி பிழைச்சா விடைக்குப் புள்ளி குடுக்க மாட்டேன் நான். இது விடையே பிழை" என்றார் டீச்சர். அந்தக் கொக்கையும் அந்தத் தவளையையும் எழுதியவர் இனி ஒரு வரி எழுதப்போவதில்லை என்று தெரிந்தது. சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். கடைக்காரனுக்கு வாய் தேவைப்படும் நேரத்தில்தான் அது வராது.

செல்விதான் பையின் பிடியைப் பற்றினார். அவர் கவலை வேறாக இருந்தது. "டீச்சர், புஸ்தகத்தை நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவீங்க. அந்தச் சோமு அண்ணன் ஒண்ணும் செய்யாமலே உள்ள இருக்காரே, அவரை யாரு வெளிய எடுக்கிறது?"

ஒற்றைச் செருப்பு

ஹாஜியார் ஒரேயடியாக வற்புறுத்தியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தெல்தெனியவுக்கு பஸ் ஏறினோம். மாலினி, செல்வி, நான். அந்த வருடமும் மழை பொய்த்து, நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. திகன ஊரைத் தாண்டி, பஸ்ஸிலிருந்து பார்த்தபோது படுகை விளையாட்டு மைதானம் மாதிரி வழவழப்பாகத் தெரிந்தது. "இதைத்தான்ணே நான் பார்த்தேன். எத்தனையோ வாட்டி இதே சீட்ல உக்காந்து பார்த்தேன்" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். சைக்கிள் என்ன, லொறியே போகும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஹாஜியார் கரையில் காத்திருந்தார். தூரத்தில் தெரிந்த ஒரு சுவரைக் காட்டி, தன் வாப்பாவின் கடை அந்த வரிசையில்தான் இருந்தது என்றார். மாலினி யாரையும் கேட்காமல் படுகைக்குள் காலை வைத்தார். இரண்டாவது அடியிலேயே முழங்கால்வரை இறங்கிவிட்டது. நானும் செல்வியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் டீச்சர் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. கரையில் உட்கார்ந்து சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். பிறகு அழுதார். சற்றுத் தள்ளி மீன்பிடிக்கிற யாருடையதோ ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் புல் நனைந்திருந்தது. "ஒரு நாள் இதே மாதிரி ஒண்ணைப் பார்த்தேன். அழகா இருந்துச்சுன்னுதான் எழுதினேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு தோணவே இல்ல" என்றார்.

ஹாஜியார் அவ்வளவு நேரமும் சொல்ல வந்ததை அப்போதுதான் சொன்னார்: "மகள், எங்கட ஊர் தண்ணிக்குள்ள போன கதையை எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்க எழுதினதுல எங்கட வாப்பாட கடைவாசல் ஈக்கி. நானே மறந்த வாசப்படி ஒண்ணு ஈக்கி. அவ்வளவு ஆசையா வாசிச்சதாலதான் பிழையும் கண்ணுல பட்டுச்சு. வேற புத்தகமா இருந்தா நான் பேசாம போயிருப்பேன்."

படகை எடுத்தது யார்

பையில் போன புத்தகங்கள் திரும்பி அலுமாரிக்கு வந்தன. இந்த முறை செல்வி பட்டியின்மேல் ஒரு வரி எழுதி ஒட்டினார்: 'இதற்குள் பிடிபடுகிறவர் கொலை செய்யவில்லை.' நான் தலையில் கைவைத்தேன். இத்தனை வருடமாகக் கட்டிக்காத்த தொழில் ரகசியம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்த வரியைப் பார்த்துவிட்டு யாரும் புத்தகத்தைத் திரும்ப வைக்கவில்லை. வாசித்தவர்கள் ஓவசியரைப் பிடிக்கும் வழியோடு திரும்பி வந்தார்கள். நாவலப்பிட்டிக்காரர் மறுபடி ஹட்டன்வரை போய்விட்டு வந்து, சோமுவுக்கு ஒரு நல்ல வக்கீல் வைக்க வேண்டும் என்றார்.

மாலினி அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். முதல் அத்தியாயத்தைக் கடையிலேயே வாசித்துக் காட்டினார். சிறையில் சோமுவைப் பார்க்க முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார். தெல்தெனியவில் துணிக்கடை வைத்திருக்கிறவர். உட்கார்ந்ததும், "நீங்க அந்தச் சேத்துல எறங்கல்லண்டு எனக்குத் தெரியும்" என்கிறார். ஹாஜியாரின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். தாடியைத் தடவிக்கொண்டு, மிகவும் சாதாரணமாகக் கேட்கிற பாவனையில், "அப்ப ஓவசியரை எந்த அத்தியாயத்துல பிடிக்கிறீங்க?" என்றார்.

மாலினி தாள்களை அடுக்கி மூடினார். ஸ்டாஃப் ரூம் சிரிப்புக்குப் பயந்த பெண் எங்கே போனாரோ தெரியவில்லை; பிழையான விடையோடு எழுந்து நிற்கும் பிள்ளையைப் பார்க்கிற பார்வையோடு நிமிர்ந்து பார்த்தார். "படகு ஓவசியரோடது, சரி. அன்னைக்குப் படகை எடுத்தது ஓவசியர்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது ஹாஜியார்?"

கௌரி பென்சிலைத் தேடினார். தோற்காத மனிதர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். நான் பொறுக்க முடியாமல், "டீச்சர், என்கிட்ட மட்டும் காதுல சொல்லிருங்க" என்று குனிந்தேன். ஹாஜியார் சட்டென்று கையைத் தூக்கித் தடுத்தார். "பேரைச் செல்லாதீங்க மகள். நீங்க எழுதி முடிங்க, செல்விப் புள்ள பட்டியை ஒட்டட்டும், நான் வந்து பேரைச் செல்றேன்."

இத்தனை காலமும் கொலைகாரனைத் தெரிந்துகொண்டு மறைத்து விற்றவன், இப்போது நிரபராதியை ஊரறியச் சொல்லிவிட்டு, கொலைகாரன் யாரென்று தெரியாமல் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து நானும் என் கடையிலேயே வரிசையில் நிற்கிறேன்.